மண்ணெண்ணெய்க் காலப் பாடமும் இன்றைய எஞ்சினும்

1990 இல் வடக்கின் மீது விழுந்த பொருளாதாரத் தடை 2002 இல் தளரும்வரை, வன்னியில் பெற்றோல் என்பது சின்னப் போத்தலில் அளந்து வாங்கிய பொருள். ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்குவார்கள். நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்குச் சரியான காரணம் இருந்தது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும்; மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே ஏறக்குறைய 150 பாகை வேண்டும். சூடேறாத எஞ்சினில் அது எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழேயுள்ள ஒயிலில் கலந்துவிடும். ஒயில் நீர்த்துப் போகும். ஆகவே எஞ்சினை நெடுநேரம் சூடாக்கு, ஒயிலை அடிக்கடி மாற்று, தடித்த ஒயிலாகப் பார்த்து ஊற்று என்று அன்றைய மெக்கானிக்மார் சொன்ன ஒவ்வொன்றும் சரி. உதிரிப்பாகம் வவுனியாவைத் தாண்டி வராத நாட்களில், பழுதான பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை ஓட வைத்ததும் சரி. அப்படி ஓடிய வண்டிகளில்தான் நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த எஞ்சின்கள் போய்விட்டன. இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஓடுபவை டொயோட்டா அக்குவா, சுசுக்கி வாகன் ஆர், அல்ற்றோ போன்றவை. இவற்றில் காபரேற்றர் கிடையாது. எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. ஆனால் ஆலோசனைகள் மட்டும் பழைய எஞ்சினுக்கு உரியவையாகவே தொடர்கின்றன. வாகனப் பராமரிப்பில் மூடநம்பிக்கை என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை, இன்னொரு இயந்திரத்துக்குச் சரியாக இருந்த அறிவுதான் என்பது என் கருத்து. அதை ஏளனம் செய்யத் தேவையில்லை. எந்த எஞ்சினுக்கு, எந்த எரிபொருளுக்கு, என்ன காரணத்துக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்டால் போதும். காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை கணினி வழமையை விட அதிக பெற்றோலைத் தெளிக்கிறது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். அந்த நேரம் முழுவதும் எரியாத பெற்றோலில் ஒரு பங்கு ஒயிலில் இறங்கும். மண்ணெண்ணெய்க் காலத்தில் எந்தக் கேட்டைத் தவிர்க்கச் சூடாக்கினார்களோ, அதே கேட்டை இன்று சூடாக்குவதே வரவழைக்கிறது. அரை நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீற்றரை மெதுவாக ஓட்டினால் போதும்.

இத்தகைய பழக்கங்களில் மிகக் கூடிய சேதம் செய்வது தேமோஸ்ரற்றைக் கழற்றிவிடும் வழக்கம். “இது குளிர் நாட்டுக்குச் செய்த சாமான், எங்கள் வெயிலுக்குத் தேவையில்லை” என்று சொல்லிக் கழற்றுகிறார்கள். தேமோஸ்ரற் என்பது மெழுகு அடைத்த ஒரு சிறு வால்வு. எஞ்சினில் ஓடும் நீர் 82 முதல் 88 பாகை அளவுக்குச் சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து, ரேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதுவரை எஞ்சினை விரைவாகச் சூடேற விடும். அதைக் கழற்றினால் எஞ்சின் தன் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும். இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினி எண்ணிப் பெற்றோலை அள்ளித் தெளிக்கும். அதைவிட மோசமானது வேறொன்று. பல எஞ்சின்களில் இதே வால்வுதான் திறக்கும்போது மறுபக்கத்துக் குறுக்குவழியை அடைக்கிறது. வால்வே இல்லாவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைத் தொடாமல் அந்தக் குறுக்குவழியால் மீண்டும் எஞ்சினுக்குள் போகும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய எஞ்சின் ஏ9 வீதியில் நண்பகலில் முன்னைவிட அதிகம் சூடாவது இதனால்தான். தடைக்காலத்தில் இறுகிப்போன தேமோஸ்ரற்றுக்கு மாற்று இல்லை. கழற்றுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. இன்று மாற்று கிடைக்கிறது. பழுதா இல்லையா என்று சந்தேகம் இருந்தால், கழற்றிய தேமோஸ்ரற்றைச் சட்டியில் தண்ணீரோடு வைத்துச் சூடாக்கிப் பார்க்கலாம். நல்லதென்றால் கொதிக்கும் முன்பே வாய் திறந்து, ஆறும்போது மூடிக்கொள்ளும். வாடிக்கையாளரின் கண் முன்னே செய்யக்கூடிய சோதனை இது.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதும் இதோடு சேர்ந்தது. வன்னியின் பல கிணறுகளில் நீர் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையே அதற்குச் சாட்சி. அதே படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. கேத்திலைச் சுரண்டுவது போல அதைச் சுரண்ட முடியாது. கூலன்ற் குளிர் நாட்டில் நீர் உறையாமல் இருக்க மட்டும் என்ற எண்ணம் பாதி உண்மை. அது நீரின் கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது, அலுமினியப் பாகங்கள் அரிபடாமலும் காக்கிறது. நடுவழியில் நீர் வற்றிவிட்டால் கிடைத்த தண்ணீரை விட்டு வீடு வந்து சேருங்கள், அதில் பிழையில்லை. பிறகு அதை வடித்துவிட்டு உரிய கூலன்றை நிரப்புங்கள், கலக்கத் தண்ணீர் வேண்டுமானால் பற்றரிக்கு விடும் வடிநீரைப் பாவியுங்கள். ரேடியேற்றர் மூடியையும் பாருங்கள். அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் றப்பர் செத்துப்போன வண்டிகளுக்கு எஞ்சின் பழுது என்று கணக்கெழுதப்படுவதும் உண்டு.

ஒயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்பது அடுத்த நம்பிக்கை. அளவுக்கோலை உருவித் துணியில் துடைத்து, கறுப்பைக் காட்டியே ஒயில் மாற்ற வைக்கிறார்கள். இன்றைய ஒயிலில் கரியைத் தன்னுள் பிடித்து வைக்கும் சேர்மானம் உண்டு. கறுப்பது அது வேலை செய்வதன் அடையாளம். டீசல் எஞ்சினில் புது ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். தடித்த ஒயில்தான் வெயிலுக்குத் தாங்கும் என்ற வாதத்துக்கும் தேமோஸ்ரற்றே பதில் சொல்கிறது: ஜப்பானிலும் கிளிநொச்சியிலும் எஞ்சின் ஓடும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். அக்குவாவுக்கு 0டபிள்யூ-20 என்று கையேடு சொல்வது அதன் நுண்ணிய ஒயில் வழிகளுக்காக. அதில் 20டபிள்யூ-50 ஐ ஊற்றினால், எஞ்சின் இயங்கும் முதல் நொடிகளில் ஒயில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பிந்தித்தான் சேரும். தேய்மானம் அந்த நொடிகளில்தான் அதிகம்.

கையேடு ஜப்பானின் வழுவழுப்பான வீதிக்கு எழுதியது, எங்கள் கிரவல் ஒழுங்கைக்குப் பொருந்தாது என்று மறுப்பார்கள். இதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயமும் கையேட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானில் அக்குவாவின் ஒயிலை மாற்ற 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்று சொல்லும் டொயோட்டா, புழுதி, மோசமான வீதி, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் உள்ள கடும் பாவனைக்கு 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்கிறது. வன்னியின் பாவனை பெரும்பாலும் அந்த இரண்டாம் வகை. ஆகவே ஒயிலை முந்தி மாற்றுவதில் தவறில்லை. புழுதியைக் காரணம் காட்டி ஒயிலை மாற்றும் நாம், புழுதி நேரே போய் அடையும் எயார் பில்ரரைத் தட்டிவிட்டு மீண்டும் மாட்டுகிறோம் என்பதுதான் என் கவலை. நெல் வெட்டும் காலத்தில் ஒரு மாதத்திலேயே அது செம்மண்ணும் உமித்தூசியுமாக அடைந்துவிடும். கொம்பிரசர் காற்றைக் கிட்டப் பிடித்து ஊதினால் காகிதம் கிழிந்து, அதன்பின் தூசி எஞ்சினுக்குள்ளேயே போகும். அக்குவாவின் பின் ஆசனப் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரமும் அப்படித்தான். ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியேதான் போகிறது. அதன் மேல் உரப்பையைச் சாத்தி வைக்கிறோம். பற்றரி முடிந்தது என்று யாராவது சொன்னால், முதலில் அந்தத் துவாரத்தையும் விசிறியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிறேக் ஒயில் குறைந்தால் மட்டும் நிரப்புவது, பூ தேயாதவரை ரயர் நல்லது என்று நம்புவது இரண்டும் உயிரோடு விளையாடுவது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏறியது சூட்டில் கொதித்து, மிதியை அடிவரை இறங்க விடும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பூ முழுதாக இருந்தாலும் வெயிலில் நின்று வெடிப்பு விழுந்த ரயரை ஏ9 வீதி வேகத்துக்கு நம்பக் கூடாது. 95 ஒக்ரேன் பெற்றோல் கூடுதல் இழுவை தரும் என்ற நம்பிக்கைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஒக்ரேன் என்பது அமுக்கத்தில் தானாகத் தீப்பற்றாமல் இருக்கும் தன்மை, சக்தியின் அளவு அல்ல. ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கான தரமே 89 தான். சில ஐரோப்பிய, டேர்போ வண்டிகளுக்கு 95 தேவைதான். அக்குவாவுக்கும் அல்ற்றோவுக்கும் 92 தாராளம். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் ஒரு லீற்றர் 470 ரூபாய்க்கும் 95 ஒக்ரேன் 550 ரூபாய்க்கும் விற்றபோது, அந்த 80 ரூபாயில் இத்தகைய வண்டிக்காரர் பெற்றது எதுவுமில்லை.

முப்பது, நாற்பது வருட அனுபவம் உள்ள மெக்கானிக்கை விடவா கையேடு பெரிது என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லும் காதுக்கு மாற்று இல்லை. ஆனால் போரும் தடையும் அந்தக் கைகளுக்குப் புதிய எஞ்சின்களைக் காட்டவில்லை. 2009 க்குப் பிறகு அவை ஒரே வெள்ளமாக வந்தன, எவரும் உட்கார்ந்து கற்பிக்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வண்டியின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. அதை வாசிக்கவில்லை என்று கிளிநொச்சிக் கராஜ்காரரைக் குறை சொல்ல முடியாது. ஏஜென்சி சேர்விசுக்குப் போகச் சொல்வதும் பதிலாகாது: அது தூரம், செலவும் கூட. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இருக்கும் வண்டியைக் காப்பதைத் தவிரப் பெரும்பாலான குடும்பங்களுக்கு வேறு தெரிவில்லை. லீசிங் கட்டி முடியுமுன் எஞ்சின் போனால் வண்டியும் இல்லை, கடனும் தீராது.

கிளிநொச்சியின் அறிவியல்நகரில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் அங்கே ஒரு பாடநெறி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அருகிலேயே. இவ்விரண்டும் கராஜ் உரிமையாளர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, இங்கே அதிகம் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் தமிழில் ஒரு தாள் எழுதித் தர வேண்டும். எந்த ஒயில், எந்தக் கூலன்ற், ரயருக்கு எவ்வளவு காற்று, புழுதி வீதிக்கு எத்தனை கிலோமீற்றரில் எதை மாற்றுவது, தேமோஸ்ரற்றை எப்படிச் சோதிப்பது என்று அதில் இருந்தால் போதும். அக்குவா, வாகன் ஆர், அல்ற்றோ, பஜாஜ் முச்சக்கரவண்டி ஆகிய நான்குடன் தொடங்கலாம். சேர்விஸ் நிலையத்தின் சுவரில், வண்டிக்காரர் வாசிக்கும் உயரத்தில் ஒட்டினால், எஞ்சின் பக்கம் குனிந்து நிற்கும் இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம்.