எந்தக் கிளஸ்டர், யாருடைய உரிமை?

குபர்நெட்டீஸ் கிளஸ்டர்களுக்குக் கட்டளையிடும் கியூப்சிடிஎல் ஒரே ஒரு கோப்புதான். இறக்கி, இயங்கும் உரிமை கொடுத்து, பாதையில் உள்ள ஒரு கோப்புறையில் போட்டுவிட்டால் நிறுவல் முடிந்தது. வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கினாலும் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். அந்த நொடியிலிருந்து, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பொறியாளர் கையில் என்ன கருவி இருக்கிறதோ அதுவே இங்கும் இருக்கிறது. கூகுள் 2014 ஜூனில் குபர்நெட்டீஸை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தது. அன்று தொட்டு இந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வாசகர்களை நினைத்தே இந்த உரையை எழுதுகிறேன். நூற்பாலைகளால் பெயர் பெற்ற ஊர் ராஜபாளையம். அங்கே வேர்விட்ட ராம்கோ குழுமம்தான் பிறகு ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தையும் தந்தது. கிருஷ்ணன்கோவிலில் 1984 முதல் கலசலிங்கம் கல்லூரி இருக்கிறது, இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் 2013இல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. தெற்கே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011இல் சோஹோ அலுவலகம் திறந்தது. படிப்பும் வேலையும் மலையடிவாரம் வரை வந்துவிட்ட வட்டாரம் இது. இனி இங்கே குறைவது கருவி அல்ல. கருவியை நிறுவிய மறுநிமிடம் என்ன செய்ய வேண்டும் என்ற பழக்கம்தான் குறைகிறது.

பெரும்பாலான வழிகாட்டிகள் நோடுகளின் பட்டியல் திரையில் வந்ததும் ‘வாழ்த்துகள்’ சொல்லி முடித்துக்கொள்கின்றன. பட்டியல் வந்தது சரி. எந்தக் கிளஸ்டரின் பட்டியல்? யாருடைய உரிமையில் வந்தது? இந்த மணி நேரத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாதவர் இன்னும் தொடங்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

நிறுவலிலேயே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல கைகள் அங்கேயே சோர்ந்துபோகின்றன. குபர்நெட்டீஸின் உபுண்டு, டெபியன் பொதிகள் நெடுங்காலம் கூகுள் பராமரித்த ரெப்பாசிட்டரியில் இருந்தன. 2023 ஆகஸ்டில் சமூகமே நடத்தும் புதிய இடத்துக்கு அவை மாறின. செப்டம்பர் 13 அன்று பழையது உறைந்தது. 2024 மார்ச்சில் அடியோடு எடுக்கப்பட்டது. அதற்கு முன் அச்சிட்ட செயல்முறைக் கையேடுகள், ஸ்பைரல் பைண்டிங் போட்ட குறிப்புகள், கல்லூரி சர்வரில் கிடக்கும் பிடிஎஃப்கள் எல்லாம் இன்னும் பழைய முகவரியைத்தான் காட்டுகின்றன. மாணவர் ஒரு எழுத்தும் பிசகாமல் தட்டச்சு செய்கிறார். பிழைச் செய்தி வருகிறது. ‘நமக்கு இது வராது’ என்று அவர் நினைத்துக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. தவறு கையேட்டில் இருக்கிறது. கையேட்டின் தலைப்பில் சோதித்த தேதியும் பதிப்பு எண்ணும் இருந்தால் அந்தப் பிள்ளை தன்னை நொந்துகொள்ளாது.

புதிய ரெப்பாசிட்டரியில் இன்னொரு மாற்றமும் உண்டு. பழைய கைகளுக்கே அது பிடிபட நேரமாகிறது. ஒவ்வொரு சிறு பதிப்புக்கும் தனித்தனி முகவரி. 1.30க்கான முகவரியைப் பட்டியலில் சேர்த்தவர் எத்தனை முறை மேம்படுத்தினாலும் 1.30க்குள்ளேயேதான் சுற்றுவார், 1.31 வேண்டுமென்றால் முகவரியையே திருத்த வேண்டும். தானாகத் தாவிவிடக்கூடாது என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடும்கூட. கியூப்சிடிஎல்லும் கிளஸ்டரின் ஏபிஐ சர்வரும் ஒரு சிறு பதிப்புக்கு மேல் விலகி நிற்கக்கூடாது என்பது விதி. ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம் ஆதரவு. அலுவலகத்துக் கிளஸ்டரின் பதிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற கியூப்சிடிஎல்லை நிறுவுவதே முறை. இருப்பதிலேயே புதியது என்பதற்காக இறக்குவது முறையல்ல.

கூகுள் கிளவுடிலோ அஷூரிலோ வேலை செய்பவர்களுக்கு 1.26லிருந்து இன்னொரு படியும் கூடிவிட்டது. அந்த இரண்டுக்குமான அடையாளச் சோதனை அதுவரை கியூப்சிடிஎல்லுக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டார்கள். தனிச் செருகுநிரலை நிறுவ வேண்டும். கருவி இருக்கிறது, கான்ஃபிக் இருக்கிறது, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

பைனரியை நேரடியாக இறக்குபவர்கள் செக்சம் கோப்பையும் கூடவே இறக்கி ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு கட்டளை; ‘ஓகே’ என்று ஒரு சொல் வரும். இதைத் தாண்டிப்போகும் பழக்கம் முதல் நாளில் வந்துவிட்டால் பிறகு போகாது. ஏனோ பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்வதற்கே கூச்சப்படுகிறார்கள்.

இனிக் கான்ஃபிக் கோப்புக்கு வருகிறேன். இந்த இதழ் முழுவதையும் இதற்கே கொடுத்திருந்தாலும் தகும்.

வீட்டுக் கோப்புறையில் கியூப் என்ற மறைகோப்புறைக்குள் கான்ஃபிக் என்ற பெயரில் அது கிடக்கும். உள்ளே மூன்று பகுதிகள்: கிளஸ்டர்கள் எங்கே இருக்கின்றன, பயனர் யார், இவர் அங்கே போவதென்றால் எந்தச் சேர்க்கையில் போகிறார். அந்தச் சேர்க்கைக்குத்தான் கான்டெக்ஸ்ட் என்று பெயர். நிறுவிய உடனே முதலில் அடிக்க வேண்டியது கான்டெக்ஸ்டுகளைப் பட்டியலிடும் கட்டளை. வரும் பட்டியலில் ஒரு வரியின் முன்னால் நட்சத்திரக் குறி நிற்கும். நீங்கள் அடுத்து அடிக்கப்போகும் ஒவ்வொரு கட்டளையும் அந்த நட்சத்திரம் நிற்கும் இடத்தில்தான் போய் விழும். சோதனைக் கிளஸ்டர், வாடிக்கையாளரின் உற்பத்திக் கிளஸ்டர் இரண்டும் ஒரே கோப்பில் இருந்து, நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் டெலீட் அடித்தால், கருவி ‘உறுதிதானா’ என்று கேட்காது. சொன்னதைச் செய்துவிடும்.

அடுத்து, உங்கள் உரிமையின் அளவு. ‘ஆத் கேன்-ஐ’ என்றொரு துணைக்கட்டளை இருக்கிறது. எல்லாச் செயலும் எல்லா வளமும் என்று இரண்டு நட்சத்திரக் குறிகளை மேற்கோளுக்குள் போட்டு, எல்லா நேம்ஸ்பேஸுக்கும் என்ற விருப்பத்தையும் சேர்த்து அதைக் கேளுங்கள். ‘யெஸ்’ என்று பதில் வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். பயிற்சிக்கு வந்த முதல் நாளே உங்கள் கையில் முழு நிர்வாக உரிமை இருக்கிறது என்று அதற்குப் பொருள். கொடுத்தவர் யோசிக்காமல் கொடுத்திருக்கிறார். நம் வட்டாரத்தில் கண்மாய் மடையைத் திறக்க நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். வயல்காரர் எவ்வளவு பெரியவரானாலும் தன் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவரிடம்தான் சொல்வார். தானே போய்ப் பலகையைத் தூக்கமாட்டார். கிளஸ்டரிலும் மடை ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், மற்றவர்களுக்குத் தங்கள் நேம்ஸ்பேஸ் அளவுக்கு உரிமை போதும்.

நிர்வாக உரிமையுள்ள கான்ஃபிக் கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பும் வழக்கம் சிறு நிறுவனங்களில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்குச் சீக்கிரம் வேலை தொடங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கியூப்ஏடிஎம் என்ற கருவி கொண்டு எழுப்பிய கிளஸ்டரில் அந்தக் கோப்புக்குள் இருப்பது கடவுச்சொல் அல்ல, சான்றிதழ். வழக்கமாக அது ஓராண்டு செல்லும். வெளியே போய்விட்டது என்று தெரிந்தபின் அந்த ஒரு சான்றிதழை மட்டும் செல்லாததாக்கும் வசதி குபர்நெட்டீஸில் இல்லை. 1.29க்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். அந்த நிர்வாகச் சான்றிதழ் சிஸ்டம்:மாஸ்டர்ஸ் என்ற குழுவைச் சேர்ந்தது. அந்தக் குழுவை, உரிமைகளைக் கட்டுப்படுத்தும் ஆர்பேக் விதிகளாலும் தடுக்க முடியாது. சான்றளிக்கும் அடிப்படைச் சாவியையே மாற்றுவதுதான் ஒரே வழி. 2023 டிசம்பரில் வந்த 1.29இல்தான் இதைப் பிரித்தார்கள்: அன்றாட நிர்வாகக் கோப்பு ஆர்பேக்குக்குக் கட்டுப்பட்ட குழுவுக்கு மாறியது, கட்டுப்படாத உரிமை தனிக் கோப்பாயிற்று. அந்தத் தனிக் கோப்பு பூட்டி வைக்க வேண்டியது. யாருக்கும் அனுப்ப வேண்டியதல்ல.

மறுபக்கமும் உண்டு. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கான்ஃபிக் கோப்பை உங்கள் கணினியில் போட்டு இயக்காதீர்கள். உள்நுழைவதற்கு வேறொரு நிரலை ஓட்டச் சொல்லும் வரியை அதற்குள் வைக்க முடியும். கிளவுட் நிறுவனங்களின் கான்ஃபிக் கோப்புகள் நிரந்தரச் சாவியை வைத்திராமல் அவ்வப்போது டோக்கன் வாங்குவது இந்த வசதியால்தான். அதே வசதியில் கெட்ட எண்ணமுள்ள ஒருவர் என்ன நிரலை வேண்டுமானாலும் நுழைக்கலாம். குபர்நெட்டீஸின் சொந்த ஆவணமே இதை எச்சரிக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமேசானில் கிளஸ்டர் எழுப்ப ஈகேஎஸ்சிடிஎல் என்ற கருவி இருக்கிறது. ஒரே வரியில் எழுப்பிவிடும். அந்த ஒரு வரி தனி விபிசி, நாட் கேட்வே, இரண்டு வேலை நோடுகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே எழுப்புகிறது. மண்டலம் எங்குமே குறிப்பிடப்படாவிட்டால் மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ வராது, அமெரிக்காவின் ஆரிகனுக்குப் போகும். கட்டுப்பாட்டுத் தளத்துக்கு மட்டும் மணிக்கு 10 சென்ட். மாதம் முழுதும் ஓடினால் 70 டாலருக்கு மேல், அதாவது 6,000 ரூபாயைத் தாண்டும். நோடுகளும் கேட்வேயும் தனிக் கணக்கு. வீட்டுக் கடன் அட்டையைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளும் மாணவருக்கு இது சின்னத் தொகை அல்ல. அழிக்கும்போதும் வரிசை உண்டு: லோட் பேலன்சர் வகைச் சர்வீஸ்களை முதலில் நீக்க வேண்டும், பிறகுதான் கிளஸ்டர். மாற்றிச் செய்தால் லோட் பேலன்சர் அநாதையாக நின்று பில் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கற்பவர் கிளவுடில் தொடங்க வேண்டாம் என்பதே இந்த இதழின் நிலை. சொந்த மடிக்கணினியில் தொடங்கட்டும். அங்கேயே கிளஸ்டர் எழுப்பும் மினிகியூபுக்கு இரண்டு சிபியு, 2 ஜிபி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் போதும். டாக்கர் ஏற்கெனவே இருந்தால் கைண்ட் இன்னும் எளிது. ஒரு கன்டெய்னரையே நோடாக்கிக் கிளஸ்டரை எழுப்பிவிடும். முதல் தடவை படிமத்தை இறக்க இணையம் வேண்டும். பிறகு கேபிள் அறுந்தாலும், சிக்னல் போனாலும் உங்கள் கிளஸ்டர் உங்களிடம் இருக்கும். மலையடிவாரத்தில் இது பெரிய வசதி.

அங்கே முதல் வேலையாக ஒன்றைக் கெடுத்துப் பாருங்கள். வெற்றியை மட்டும் காட்டும் பயிற்சியில் கற்க ஒன்றுமில்லை. என்ஜின்எக்ஸ் பாட் ஒன்றை எழுப்பும்போது படிமத்தின் பெயரில் வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றுங்கள். சிறிது நேரத்தில் ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’ என்ற நிலை வரும். இப்போது டிஸ்க்ரைப் கட்டளையை அடித்துக் கடைசியில் வரும் ஈவென்ட்ஸ் பகுதியை வாசியுங்கள். எந்த முகவரியில் தேடினேன், என்ன பதில் வந்தது, எத்தனை முறை முயன்றேன் என்று கிளஸ்டரே சொல்லும். அடுத்ததாக, கணினியில் இல்லாத அளவு நினைவகத்தைக் கேட்டு ஒரு பாட் எழுதுங்கள். அது ‘பெண்டிங்’ என்று நிற்கும். இரண்டும் ஓடவில்லைதான். ஆனால் முதலாவதற்கு நோடு கிடைத்தது, படிமம் கிடைக்கவில்லை. இரண்டாவதற்கு நோடே கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை டிஸ்க்ரைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரை நள்ளிரவு ஷிப்டில் தைரியமாகத் தனியே விடலாம்.

உண்மையான கிளஸ்டருக்கு வந்த பிறகு, எதையும் அப்ளை செய்வதற்கு முன் டிஃப் கட்டளையை அடித்துப் பாருங்கள். இப்போது இருப்பதற்கும் நீங்கள் மாற்றப்போவதற்கும் உள்ள வித்தியாசத்தை வரிவரியாகக் காட்டும். எக்ஸ்ப்ளெயின் என்ற கட்டளை ஒவ்வொரு புலத்தின் பொருளையும் டெர்மினலிலேயே விளக்கும், அதுவும் நீங்கள் இணைந்திருக்கும் கிளஸ்டரின் பதிப்புக்கு ஏற்றபடி. எங்கோ படித்த யாம்ல் கோப்பை ஒட்டுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் கல்லூரிகளின் ஆய்வக ஆசிரியர்களிடமும், இவ்வட்டாரத்தில் இருந்துகொண்டே வெளியூர் நிறுவனங்களின் கிளஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தை மட்டும் தமிழில் திருத்தி எழுதி அனுப்புங்கள். பதிப்பு எண்ணும் சோதித்த தேதியும் மேலே இருக்கட்டும். செக்சம், கான்டெக்ஸ்ட் பட்டியல், உரிமைச் சோதனை, கைண்டில் ஒரு பாட்டைக் கெடுத்துப் பார்ப்பது, கடைசியில் கிளஸ்டரை அழிக்கும் வரிசை, இவ்வளவும் அந்த ஒரு பக்கத்துக்குள் அடங்கும். வருபவற்றை ஆசிரியர் குழு புதிய உபுண்டுக் கணினி ஒன்றில் வரிக்கு வரி அடித்துப் பார்க்கும். ஓடுவதை அடுத்த இதழில் வெளியிடுகிறோம், ஓடாததை எந்த வரியில் நின்றது என்ற குறிப்போடு உங்களுக்கே திருப்பி அனுப்புகிறோம்.