டிரைவரில்லா வண்டி யாருக்காக?

"டிரைவர் தூங்கிவிடுவான், இயந்திரம் தூங்காது" என்று தானியங்கி வண்டிக் கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன. டிரைவரின் தூக்கத்தைப் பறித்தது யார்? நாளுக்கு 8 மணி நேரமே வேலை என்றது 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். இரவு பகலாக ஓட்டச் சொல்வது முதலாளியின் லாப வெறி!

கண் மங்கி, இடுப்பு ஒடிந்த தவளக்குப்பத்து முதிய லாரி டிரைவர், வண்டி தானே ஓடினால் நல்லதுதான் என்கிறார். மறுகணமே, லாரி ஓட்டும் மகனின் பிழைப்பு என்னாவது என்று கலங்குகிறார். இரண்டும் நியாயமே!

அமெரிக்காவைப் பாருங்கள். 2018 மார்ச்சில் அரிஸோனாவில் ஊபர் கம்பெனியின் சோதனைக் கார் சாலையைக் கடந்த பெண்ணைக் கொன்றது. கவனம் தவறிய ஊழியர் மட்டும் 2023-ல் தண்டிக்கப்பட்டார். கம்பெனி மீது கிரிமினல் வழக்கே இல்லை. லாபம் முதலாளிக்கு, தண்டனை தொழிலாளிக்கு!

டிரைவர்களின் வேலை போகும், ஆகவே இங்கு அனுமதியோம் என்றார் மந்திரி நிதின் கட்கரி, 2023 டிசம்பரில். அதை நம்பி உறங்கலாமா? மரண விபத்தைத் தெரிவிக்காமல் சென்ற டிரைவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் நிறைவேறியதும் அதே மாதத்தில்தான்! 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திய பிறகே சர்க்கார் அப்பிரிவை நிறுத்திவைத்தது.

1936 ஜூலை 30-ல் புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு சர்க்காரின் குண்டுக்குப் பலியான பிறகே இங்கு 8 மணி வேலை கிடைத்தது.

தறியோ, அறுவடை இயந்திரமோ, தானியங்கி லாரியோ நமக்குப் பகையல்ல. அதைப் பிடித்திருக்கும் முதலாளியின் கையே பகை. இயந்திரம் வந்தால் வேலை நேரம் குறைய வேண்டும். முதியவருக்குப் பென்ஷன், இளைஞனுக்கு மாற்று வேலை, விபத்துக்குக் கம்பெனியே பொறுப்பு!

தோழர்களே, சங்கத்தில் திரளுங்கள்!