31ஆம் திகதி கதவைத் திறவுங்கள்

ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒவ்வோர் ஒக்டோபரும் ஒரு தாள் ஒட்டுவார்கள். ஹலோவீன் இரவில் பிள்ளைகள் வந்து கதவு தட்டலாம் என்று சம்மதிப்பவர்கள் அதில் தங்கள் வீட்டிலக்கத்தை எழுத வேண்டும். இலக்கம் இல்லாத கதவைப் பிள்ளைகள் தட்டக் கூடாது. போன வருடம் அந்தத் தாளில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. எங்கள் மாடியில் 6 தமிழ் வீடுகள் இருக்கின்றன. எழுதியிருந்தவை இரண்டு. இந்த வருடத் தாள் ஒட்டுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1989இல், ஒன்பது வயதில். அப்பா இரண்டு வருடம் முந்தியே வந்துவிட்டார். செயின்ற் ஜேம்ஸ் ரவுணில் 11ஆம் மாடியில் ஓர் அறை வீடு. 1960களில் கட்டப்பட்ட 19 உயர்மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. ஊரிலிருந்து வந்தவர்களில் கனபேருக்கு அந்தக் காலத்தில் முதல் வீடு அங்கேதான்.

வந்த புதிதில் யாராவது கதவைத் தட்டினால் அம்மா என்னையும் தம்பியையும் குசினிக்குள் இழுத்துக்கொள்வார். அப்பா கண்ணாடித் துளையால் பார்த்து, ஆளைச் சொன்ன பிறகுதான் விடுவார். இரவில் கதவைத் தட்டுவது யார் என்று ஊரில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முகமூடியும் அப்படித்தான். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களை வரிசையாக நடக்கவிட்டு, சாக்கால் முகம் மூடிய ஒருவனை முன்னால் இருத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். ‘தலையாட்டி’ என்பதுதான் அவனுக்கு ஊர் வைத்த பெயர். என் சின்ன மாமா போனதும் ஒரு தலையாட்டலில்தான்.

இந்த வீட்டுக்குத்தான் நான் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி கொண்டுவந்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் எல்லாரும் முகமூடி போட்டுக்கொண்டு இருட்டில் வீடு வீடாகக் கதவு தட்டுவார்கள், தெரியாத ஆட்கள் கதவைத் திறந்து இனிப்புத் தருவார்கள் என்றேன். “நீ ரீச்சர் சொன்னதைப் பிழையா விளங்கிக்கொண்டாய்” என்றார் அம்மா.

யாரிடம் கேட்பது? சந்தேகம் என்று ஒன்று வந்தால் நாங்கள் போகும் இடம் வீடியோக்கடை.

கட்டடத்தின் அடியில், இரண்டு கடைகளுக்கு நடுவே ஓர் ஒடுக்கமான அறை. வாசலில் அரிசி மூட்டைகள், அதற்கு மேல் மிளகாய்த்தூள் பைகள், சுவர் முழுக்கக் கசெற்றுகள். முதுகில் பேனையால் எழுதிய படப் பெயர்கள். வாடகை ஒரு டொலர், காசு இல்லாவிட்டால் கொப்பியில் எழுதுவார். கடைக்காரரை அப்பா ‘தம்பி’ என்பார், நாங்கள் ‘வீடியோ மாமா’ என்போம். கடையின் பின்பக்கத்தில் அவரிடம் ஒரு மெஷின் இருந்தது. லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் கசெற்றுகள் ‘பால்’ முறையில் பதிந்தவை. கனடா டெக்குகளுக்கு வேண்டியது ‘என்.ரி.எஸ்.சி.’ முறை. அதனால் ஒவ்வொரு படத்தையும் அந்த மெஷினில் போட்டு மாற்றித்தான் வாடகைக்குக் கொடுப்பார். சாதாரண ‘ரி-120’ கசெற் வழக்கமான வேகத்தில் 2 மணித்தியாலம் ஓடும். எங்கள் படங்களோ இரண்டரை மணித்தியாலம். எனவே நாடாவை மெதுவாக ஓடவிட்டுப் பதிவார். அப்படிப் பதிந்தால் படம் கலங்கும். ‘நாயகன்’ படத்தை நான் முதலில் பார்த்தது அப்படித்தான், எல்லாரும் புழுதிக்குள் நடந்து திரிவதுபோல. ஊரிலிருந்து வந்த கலியாணவீட்டுக் கசெற்றுகளையும் அதே மெஷினில் மாற்றிக் கொடுப்பார். தன் தங்கச்சியின் தாலிகட்டை அந்தக் கடையில் நின்றபடியே முதல்முதலாகப் பார்த்து அழுத ஒரு ஆளை நான் கண்டிருக்கிறேன்.

எந்த வீட்டில் அறை வாடகைக்கு இருக்கிறது, எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், குடிவரவுக் கந்தோர்க் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் அங்கே தெரியும். எங்கள் வீட்டுத் துக்கமும் அவருக்குத் தெரியும். ஒருமுறை அம்மா ஒரு கசெற்றை எடுத்தபோது, கையை நீட்டி மெதுவாக வாங்கிக்கொண்டார். “இதிலை ஒரு பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போற காட்சி வருதக்கா, இப்ப வேண்டாம்” என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் படங்கள் என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. பார்க்க வேண்டாம் என்று அன்போடு தடுத்த ஒரே ஆள் அவர்தான்.

ஹலோவீனையும் அவரே விளங்கப்படுத்தினார். “பயப்பிடாதேங்கோ அக்கா, இது இவையின்ர திருநாள். பிள்ளையளைத் தனிய விடாதேங்கோ. லிப்ற்றிலை மேல் மாடிக்குப் போய், படியாலை இறங்கி இறங்கித் தட்டிக்கொண்டு வாங்கோ.”

அம்மா ஒரு நிபந்தனை போட்டார். முகம் தெரிய வேண்டும். எனக்குத் தன் கூறைச்சீலையை மடித்துச் சுற்றி இராணியாக்கினார். தம்பிக்குக் கண்மையால் மீசை கீறிக் கட்டபொம்மன். இரண்டு நாள் முந்தித்தான் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள், ஐந்தேகாலுக்கே இருட்டிவிட்டது. அம்மாவுக்குக் கந்தசட்டி விரதத்தின் இரண்டாம் நாள். வெறும் வயிற்றோடு எங்களுடன் மேலே ஏறி, படிவாசல் கதவுக்குப் பக்கத்தில் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் கதவைத் தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம். கதவு திறந்தது. வயதான பிலிப்பைன்ஸ் அம்மா ஒருவர். வெங்காயம் வதக்கும் மணம் வெளியே வந்தது. என் சீலையைப் பார்த்து வாயில் கைவைத்து, உள்ளே திரும்பிப் புருசனைக் கூப்பிட்டார். அவரும் வந்து பார்த்தார். இரண்டு கைநிறைய அள்ளித் தலையணையுறைக்குள் போட்டார்கள். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. கடலை தந்தவர்கள், சில்லறை தந்தவர்கள், ஒன்றும் இல்லை என்று தன் வீட்டு அப்பிளைத் தந்த ஜமேக்காக்காரர். நான்கு மாடி இறங்குவதற்குள் அம்மா படிவாசலை விட்டு வெளியே வந்தார். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். 14ஆம் மாடியில் எங்களுக்கு முன்னால் அவரே ‘தாங்க் யூ’ சொன்னார். கனடாவில் ஒரு அந்நியருக்கு அம்மா சொன்ன முதல் வார்த்தை அது.

கழுத்தில் செம்மஞ்சள் காகிதப் பெட்டி ஒன்றும் தொங்கியது, ரீச்சர் தந்தது. 1955 முதல் கனடாப் பிள்ளைகள் ஹலோவீன் இரவில் யுனிசெவ்வுக்காக அப்படிச் சில்லறை சேர்த்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெயர் எழுதிய வாகனங்களை அவர் யாழ்ப்பாணத்தில் கண்டவர். பொக்கற்றில் இருந்த சில்லறை முழுவதையும் பெட்டிக்குள் போட்டார். 2006இல் அந்தப் பெட்டியையும் நிறுத்திவிட்டார்கள்.

இனிப்பைத் தரையில் விரித்த பெட்சீற்றில் கொட்டி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அம்மா. நஞ்சு இருக்கும், ஊசி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயம் இன்றும் போகவில்லை. டெலவெயர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ற் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவியவர். முன்பின் தெரியாத ஒருவர் கதவு தட்டிய பிள்ளைக்கு நஞ்சூட்டிக் கொன்றதாக நிரூபணமான ஒரு சம்பவத்தையும் அவர் காணவில்லை. 1974இல் ரெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நஞ்சு கலந்த இனிப்பால் இறந்தான். அதைக் கொடுத்தது அவனைப் பெற்ற தகப்பன். பிள்ளைகளுக்கு ஹலோவீன் இரவில் மெய்யான ஆபத்து வீதியில் ஓடும் கார்கள்தான். கதவுகளுக்குப் பயந்து வாகனத் தரிப்பிடங்களுக்கும் கடைத்தொகுதிகளுக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோகிறோம். அங்கே இனிப்பு நிறையக் கிடைக்கும். ஆனால் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியவராது.

எங்கள் அந்த முதல் ஹலோவீன் இரவில் வீடியோ மாமா காசு வாங்காமல் தந்த பேய்ப்படம் ‘பிள்ளை நிலா’. கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசெற். குழந்தை ஷாலினியின் முகம் திரையின் கீழ்விளிம்பில் வளைந்து வளைந்து நெளிந்தது. நான்கு பேரும் ஒரே போர்வைக்குள் இருந்து பார்த்தோம். பயப்பட்டோம். பயம் படம் முடிந்ததும் போய்விட்டது. பயம் அப்படி முடியக்கூடியது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அந்தக் கடை எப்போது மூடப்பட்டது என்று எனக்குத் திகதி சொல்லத் தெரியாது. நாங்கள் அதற்குள் ஸ்காபரோவுக்கு வந்துவிட்டோம். 1985இல் டலசில் ஒரே கடையாகத் தொடங்கிய புளொக்பஸ்ரர், 2004இல் ஏறக்குறைய 9,000 கடைகளாகப் பெருகி, 2010இல் வங்குரோத்தானது, அடுத்த வருடம் கனடாக் கடைகளையும் மூடியது. அதைப் பத்திரிகைகள் எழுதின. தமிழ் வீடியோக்கடைகள் டிவிடி வந்து, செய்மதித் தொலைக்காட்சி வந்து, ஒவ்வொன்றாக நகைக்கடையாகவும் கொத்துறொட்டிக் கடையாகவும் மாறின. ஒரு வரி எழுதப்படவில்லை. நானும் எழுதவில்லை. அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லவும் போகவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால்தான் மிச்சமிருக்கும் இந்த ஒரு இரவையாவது பேசாமல் கைவிடக் கூடாது என்கிறேன்.

‘இது வெள்ளைக்காரரின் பேய்க் கொண்டாட்டம், எங்களுக்கு எதற்கு?’ என்று என் வயது நண்பர்களே கேட்கிறார்கள். இதை இந்தக் கண்டத்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் ஐரிஷ்காரர். அறுவடை முடிந்து இருட்காலம் தொடங்கும் ‘சாவின்’ (Samhain) என்ற இரவை அவர்கள் கொண்டாடினார்கள், டேர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், இங்கே வந்த பிறகு அது பூசணியானது. 1847இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய 38,000க்கும் மேற்பட்ட ஐரிஷ்காரர் ரொறன்ரோத் துறைமுகத்தில் இறங்கினார்கள். நகரத்தின் சனத்தொகையே அப்போது 20,000 அளவுதான். காய்ச்சலில் 1,100க்கும் மேற்பட்டவர்கள் அந்த வருடமே இறந்தார்கள். எங்களைப்போல் ஊரில் இருக்க முடியாமல் வந்த சனம் அது. அவர்கள் சுமந்து வந்த இரவை அந்நியம் என்று எங்களால் எப்படிச் சொல்ல முடியும்? இறந்தவர்களை நினைக்கும் நாட்களும் இதோடு ஒட்டியே வருகின்றன. நவம்பர் 2ஆம் திகதி எங்கள் கத்தோலிக்கச் சனம் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்துகிறது.

2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில் வந்தன. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். தாழ்வாரத்தில் சுடர் விளக்கு வைக்கக் கட்டட விதி விடாது, அதனால் பற்றரி விளக்கு ஒன்றை வாசலில் வைத்தோம். புதுச் சீலையோடு கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார் அம்மா. ஏழு மணிக்குப் பிறகு ஒரு சிறுமி வந்தாள். வேடம் இல்லை, பள்ளிக்கூடக் குளிர்ச்சட்டை, கையில் கடைப் பை. வாயில் இங்கிலிஷ் வரவில்லை. அம்மா அவளுக்கு இனிப்பைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். தாழ்வாரத்தின் அந்தத் தொங்கலில், படிவாசல் கதவுக்குப் பக்கத்தில், தலையில் துணி போட்ட ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“வா பிள்ளை, இஞ்சை வா” என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார் அம்மா, தமிழில்தான். அவள் வந்தாள்.

தாளை அடுத்த கிழமை ஒட்டுவார்கள். எங்கள் இலக்கத்தை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார் அம்மா.