நிபந்தனையைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்

மண்ணூரைச் சுற்றியுள்ள பெரிய ஆலைகளில் எந்திரம் ஓடுவதும் நிற்பதும் இன்று கம்ப்யூட்டர் கட்டளைப்படியே. சம்பளக் கணக்கும் அப்படித்தான். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி ஏது? “இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்” என்று மனிதன் எழுதிக் கொடுத்த நிபந்தனைதான் அதன் புத்தி.

இதைப் பள்ளியில் எப்படிக் கற்பிக்கிறோம்? 2018ல் வெளிவந்த பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இது சி பிளஸ் பிளஸ் மொழியில், ‘இஃப்’, ‘எல்ஸ்’ என்று வருகிறது. தமிழில் படிக்கும் பிள்ளை அதை உருப்போட்டு மார்க் வாங்கிவிடலாம். பொருள் விளங்கிற்றா என்பதே கேள்வி.

விளங்க வைப்பது கஷ்டமான காரியமல்ல. “35 மார்க் வாங்கினால் பாஸ்” என்பது எல்லோரும் அறிந்த விதி. அதை “35க்கு மேல் இருந்தால்” என்று எழுதிப் பாருங்கள். சரியாக 35 வாங்கியவன் பெயிலாகிவிடுவான்! எல்லையிலுள்ள எண்ணைச் சோதிப்பதே முதல் பாடமாக இருக்க வேண்டும்.

அடுத்த பாடம் ‘அல்லது’, ‘மற்றும்’. 1948ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59வது பிரிவு, நாளில் 9 மணி அல்லது வாரத்தில் 48 மணிக்கு மேல் வேலை செய்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று விதித்தது. ஒருவர் வாரத்தில் நான்கு நாள் மட்டும், தினம் 10 மணி உழைத்தார். மொத்தம் 40 மணி. ‘அல்லது’ என்றிருந்தால் 4 மணிக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. அந்த இடத்தில் ‘மற்றும்’ என்று எழுதினால் ஒரு காசும் கிடையாது. ஒரே ஒரு சொல்தான். உழைத்தவன் கூலி போய்விட்டது!

இத்தகைய உதாரணங்களை முதலில் தமிழிலேயே, காகிதத்தில் எழுதிப் பழகட்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் ‘ஆனால்’, ‘இல்லை’ என்றே கட்டளை எழுதலாம். அதற்குப் பிறகு சி பிளஸ் பிளஸ் வரட்டும். ஆங்கிலச் சொல் மிரட்டாது.

வேலைக்கு ஆள் தயாரிப்பது மட்டும் பள்ளியின் கடமையல்ல. நாளை தன் சம்பளச் சீட்டு தவறாக வந்தால், “கம்ப்யூட்டர் போட்ட கணக்கு” என்ற பதிலைக் கேட்டு அந்தப் பிள்ளை வாய்மூடித் திரும்பக் கூடாது. “எந்த நிபந்தனைப்படி போட்டது? காட்டுங்கள்” என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள், ஆசிரியர்களே!