பெண்கள் பள்ளியில் எல்லா குரூப்பும் வேண்டும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, மார்க் எவ்வளவு என்பது. அடுத்தது, எந்த குரூப் என்பது. பெருநகரப் பள்ளிகளில் மாணவியும் பெற்றோரும் அந்த இரண்டாவது கேள்வியை நாலு நாள் யோசித்து முடிவெடுக்கிறார்கள். சிற்றூர்களில் இருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் யோசிக்க இடமே இல்லை. அங்கே என்ன குரூப் இருக்கிறதோ அதுதான் அவளுக்கு. கணக்கும் கணினி அறிவியலும் சேர்ந்த பிரிவு இல்லையென்றால், கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பெண்ணும் வணிகவியலில் உட்கார்கிறாள், அல்லது தொழிற்கல்விப் பிரிவில் துணியும் தையலும் படிக்கிறாள். கேட்ட குரூப் வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். மாலை சிறப்பு வகுப்பு முடிந்து பேருந்து பிடித்து வீடு சேர இருட்டிவிடும். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் கணிதம்–உயிரியல், கணிதம்–கணினி அறிவியல் ஆகிய இரண்டு பிரிவுகளும், அவற்றுக்கு நிரந்தரப் பணியிடத்தில் ஆசிரியர்களும் இருந்தே ஆக வேண்டும். பெண்கள் பள்ளியால் என்ன நன்மை என்ற நீண்ட காலக் கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது.

இந்தக் குறை வெளியே தெரியாததற்குத் தேர்ச்சி விகிதம் ஒரு காரணம். 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70 சதவீதமும் மாணவர்கள் 93.16 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். பெண்களே முந்தினார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நாமும் மகிழ்ச்சியோடுதான் அதை வெளியிடுகிறோம். ஆனால் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பார்க்கும் கண், எந்தப் பாடத்தில் தேறினார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. வணிகவியல் பிரிவில் தேறிய மாணவிக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் இல்லை. உயிரியலில் தேறாதவளுக்கு நீட் வழியாக மருத்துவப் படிப்பும் இல்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் அவளுக்காக எடுத்த முடிவு அது.

கல்லூரி வாசலில் அரசு செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளை எண்ணிப் பார்த்தால் வருத்தம் கூடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. மறு ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இரண்டும் பாராட்டுக்குரியவை. இரண்டுக்கும் உள்ள நிபந்தனையைக் கவனியுங்கள்: ஒதுக்கீடு கேட்பவள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவித்தொகை பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. தனியார் மெட்ரிக் பள்ளிக்கு அதுவும் இல்லை.

அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு குரூப் இல்லை என்பதற்காக, நகையை அடகு வைத்து ஒரு தாய் தன் மகளைப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளியில் சேர்த்தால் என்ன ஆகும்? ஒதுக்கீடும் போகும், மாதம் ஆயிரம் ரூபாயும் போகும். தனியாருக்குப் போகாமல் இருக்கிற குரூப்பிலேயே சேர்ந்தால் தகுதிச் சான்று மட்டும் கையில் இருக்கும், விண்ணப்பிக்கப் படிப்பு இருக்காது. குறை அரசுடையது, இழப்பு அந்தப் பெண்ணுடையது. இது நடக்கலாமா?

குரூப்புகள் எப்படிக் காணாமல் போகின்றன என்பதும் மர்மமில்லை. ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. ஓர் ஆண்டு கணிதப் பிரிவில் குறைவாகச் சேர்ந்தால் அந்த ஆசிரியர் உபரி ஆகிறார், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். மறு ஆண்டு, ஆசிரியரே இல்லாத பிரிவில் யார் சேர்வார்கள்? மாணவிகள் விரும்பவில்லை என்று கோப்பில் எழுதப்படுகிறது. பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகம் தொகுப்பூதியத்தில் ஒருவரைப் பிடித்து வைக்கும். அவருக்கு நல்ல வேலை கிடைத்ததும் அவரும் போய்விடுவார். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரிவே பள்ளியில் இருந்த சுவடு இராது. அதே ஊரில் உள்ள ஆண்கள் பள்ளியில் அது நடந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான், பெண்களுக்கெனத் தனிப் பள்ளி எதற்கு, ஆண்கள் பள்ளியோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகுமே என்ற யோசனை வருகிறது. அது புறந்தள்ளத்தக்க யோசனை இல்லை. கேரளத்தில் மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல், தனித்தனியாக இயங்கும் ஆண், பெண் பள்ளிகளை இருபாலர் பள்ளிகளாக்கும்படி உத்தரவிட்டது. இணைந்து வாழப் போகிறவர்கள் இணைந்து படிக்கட்டுமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆய்வுகளும் பெண்கள் பள்ளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சான்று தருவதில்லை. 21 நாடுகளைச் சேர்ந்த 184 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2014-ல் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரை, தனிப் பள்ளியால் மட்டும் படிப்பில் பெரிய வேறுபாடு வருவதில்லை என்றது. தென்கொரியத் தலைநகர் சோலில் மாணவர்கள் குலுக்கல் முறையில் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதை ஆராய்ந்த மற்றொரு ஆய்வோ, தனிப் பள்ளிகளில் படித்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதாகச் சொல்கிறது. ஆகவே சுற்றுச்சுவர் மதிப்பெண் தராது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

நம் ஊர்களில் பெண்கள் பள்ளியின் முதல் நன்மை வேறு. பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தாமல் வைத்திருக்கிறது அது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயது நிறையுமுன் மணமுடிக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. கல்வியில் முன்னே நிற்கும் மாநிலத்தில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. வயசுக்கு வந்த பெண்ணை அனுப்புவதா என்று இழுக்கும் அப்பாவிடமும் தாத்தாவிடமும், பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம்தானே என்று ஒரு தாய் சொல்லி ஜெயிக்க முடிகிறது. அந்தத் தயக்கம் சரியென்று நாம் சொல்லவில்லை. அது மாற வேண்டும். மாறும் வரை எந்தப் பெண்ணும் அடுப்படியில் காத்திருக்கக் கூடாது. இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவளுக்கு இன்றுதான் பள்ளி வேண்டும்.

வகுப்பறைக்கு உள்ளேயும் நன்மை உண்டு. இருபாலர் ஆய்வுக்கூடத்தில் பல நேரம் பையன் ப்யூரெட்டைத் திருகுவான், பெண் அளவீட்டைக் குறிப்பாள். பெண்கள் பள்ளியில் திருகுபவளும் பெண், தப்பாகத் திருகித் திட்டு வாங்குபவளும் பெண். பள்ளித் தலைவி, இலக்கிய மன்றச் செயலாளர், சாரணியர் அணித் தலைவி, விளையாட்டு விழாவில் மைக் பிடிப்பவர் என எல்லாப் பொறுப்பும் அவளிடமே வந்து சேர்கிறது. மைதானம் முழுவதும் அவளுக்கே. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார் என்பதைக் கொண்டாடிய நாம், எத்தனை பெண்கள் பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளை நடக்கிறது என்று கேட்டோமா? பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. 15 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று அதே தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. உடம்பைப் பற்றிய பாடமும் உடம்புக்கான விளையாட்டும் பெண்கள் பள்ளியில் கடைசி வரிசைக்குப் போவதை ஏற்க முடியாது.

பெண்ணுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்ற விவாதம் இந்த நாட்டில் பழையது. மனையியல், தையல், சங்கீதம் போதும் என்று ஒரு காலத்தில் தனிப் பாடத்திட்டமே பேசப்பட்டது. ஹன்சா மேத்தா தலைமையிலான குழு 1960-களில் அதை நேராக மறுத்தது. ஆணுக்கொரு பாடம், பெண்ணுக்கொரு பாடம் என்ற பிரிவினை கூடாது என்றது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறிக்கும் சொல்லை நீக்கி, மனிதர் எல்லோரையும் குறிக்கும் சொல்லை 1948-ல் இடம்பெறச் செய்தவர் அவர். அவருடைய குழுவின் பரிந்துரையைக் கோத்தாரி கல்வி ஆணையமும் ஏற்றது. இன்று தமிழ்நாட்டில் ஆணும் பெண்ணும் படிக்கும் பாடநூல் ஒன்றே. காகிதத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு என்று ஒதுக்கும்போது அந்தப் பழைய எண்ணம் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொழிற்கல்வியைப் பாருங்கள். பெண்கள் பள்ளி என்றால் செவிலியம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை. மின்பொறியியலும் மின்னணுவியலும் இயந்திரவியலும் பெரும்பாலும் ஆண்கள் பள்ளிகளில்.

தொழிற்கல்வியைத் தாழ்த்திச் சொல்லவில்லை. செவிலியம் படித்த பெண் குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறாள். தேர்வு அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் வாதம். இப்போது இந்தப் பெண்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கானது. கைப்பேசியும் மின்னணுப் பொருளும் செய்யும் ஆலைகள் இளம்பெண்களின் கைகளால்தான் ஓடுகின்றன. அந்தப் பெண் படித்த பள்ளியில் மின்னணுவியல் பிரிவு இல்லை. ஆகவே அவள் பொருத்தும் வரிசையில் நிற்கிறாள். அதே இயந்திரத்தைப் பழுதுபார்க்கும், மேற்பார்வையிடும் வேலைக்கு வேறொருவர் வருகிறார். பிளஸ் டூவிலேயே அவளுக்கு அந்தப் படிப்பைக் கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருக்கும்.

நடக்கக்கூடியது இது என்பதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராய விண்ணுக்குப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி. செங்கோட்டையில் எஸ்.ஆர்.எம். அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவர் அவர். அங்கிருந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனார். மலையடிவாரச் சிற்றூர், அரசுப் பள்ளி, பெண்கள் பள்ளி. அங்கே கணக்கும் இயற்பியலும் இருந்தன, சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் இருந்தார்கள். அந்தப் பள்ளியில் அந்த ஆண்டு கணித ஆசிரியர் பணி நிரவலில் போயிருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்கள் பள்ளியை அடைத்து வைக்கும் இடமாக மாற்றக் கூடாது. போட்டிக்கு வெளியூர் அழைத்துப் போவதில்லை, மாலையில் ஆய்வுக்கூடம் திறப்பதில்லை, ஆண்கள் பள்ளியோடு சேர்ந்து அறிவியல் கண்காட்சி வைப்பதில்லை என்றால் அந்தப் பள்ளியின் நன்மையில் பாதி கரைந்துவிடும். பக்கத்து ஆண்கள் பள்ளியோடு வினாடி வினா, விவாத மேடை, கண்காட்சி எல்லாம் வழக்கமாக நடக்க வேண்டும். கேரளம் எழுப்பிய கேள்விக்கு இப்போதைக்கு நம் பதில் இப்படித்தான் தொடங்க முடியும்.

அரசிடம் கேட்பதைத் தெளிவாகவே கேட்கிறோம். பெண்கள் மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் பணியிடங்களை எண்ணிக்கையைக் காட்டி உபரி ஆக்கக் கூடாது; குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அவற்றுக்கு நிர்ணயத்திலிருந்து விலக்கு வேண்டும். புதிய பணியிடம் உடனே முடியாத ஊரில், அதே ஊர் ஆண்கள் பள்ளியின் ஆசிரியர் வாரத்தில் சில நாள் பெண்கள் பள்ளிக்கு வந்து பாடம் எடுக்க ஆணை போடலாம். ஐந்நூறு மாணவிகள் பேருந்து ஏறுவதைவிட ஓர் ஆசிரியர் தெருவைக் கடப்பது எளிது. தொழிற்கல்வியில் மின்னணுவியலையும் மின்பொறியியலையும் ஆலைகள் நிறைந்த காஞ்சிபுரம், கிருஷ்ணகிரி, கோவை மாவட்டப் பெண்கள் பள்ளிகளில் முதலில் தொடங்கலாம். எந்த குரூப் எந்தப் படிப்புக்கு வழி என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்களையும் அப்பாக்களையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சேர்க்கை நாளன்று சொல்வதால் பயன் இல்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று. மாநிலத்தில் உள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பிரிவுகள் உள்ளன, எந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை என்ற பட்டியலைப் பள்ளிக் கல்வித் துறை மாவட்டவாரியாக வெளியிடட்டும். தகவல் துறையிடமே இருக்கிறது. அதைத் திரட்ட ஒரு வாரம் போதும். அடுத்த பொதுமாறுதல் கலந்தாய்வு தொடங்கும் முன் அந்தப் பட்டியல் மக்கள் கையில் இருக்க வேண்டும். அதில் காலியாகத் தெரியும் இடங்களே கலந்தாய்வில் முதலில் நிரப்பப்பட வேண்டும்.