சாவி யாரிடம்?

எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எழுபதுகளின் கடைசியில் நான் படித்தபோது, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. பையன்களுக்கும் கிடையாதுதான், அவர்கள் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளி, பின்னால் கருவேலங்காடு. இன்டர்வல் மணி அடித்ததும் நாலைந்து பேராகச் சேர்ந்து போவோம். ஒருத்தி உட்கார, மற்றவர்கள் பாவாடையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்போம். ஆறாம் வகுப்புக்கு வந்தபிறகு அதுவும் நின்றது. காலையில் நீராகாரம் குடிக்கமாட்டோம். பள்ளிக்கூடத்துப் பானைப் பக்கம் போகமாட்டோம். நாலு மணிக்கு மணியடித்ததும் நாங்கள் வீட்டுக்கு ஓடுகிற வேகத்தைப் பார்த்து, விளையாட்டு வாத்தியார் எங்களை ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்.

என் சேக்காளிகளில் இரண்டு பேர் வயதுக்கு வந்த கையோடு படிப்பை நிறுத்தினார்கள். வீட்டில் சொன்ன காரணம் வேறு. எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு.

இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது எங்கள் செட்டு வாட்ஸ்அப் குழுவால். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் போன வருடம் ஆரம்பித்துவைத்தார்: "நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செய்யணும்ப்பா." ஒரே வாரத்தில் ஆறு லட்சம் சேர்ந்துவிட்டது. என்ன செய்வது என்பதை முடிவெடுக்கத்தான் நாலு மாதம் ஆனது. முக்கால்வாசிப் பேர் ஒரு வகுப்பறை கட்டலாம் என்றார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு அறை முழுசாக வராது என்றதும், இன்னும் போடுகிறோம் என்றார்கள். கழிப்பறையைப் பார்ப்போமே என்று நான் எழுதினேன். குழுவில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், நல்ல மனிதர், பெரிய தொகை கொடுத்தவர், குரல்செய்தி அனுப்பினார்: "ஏம்மா, எங்கப்பா பேரைக் கக்கூஸ்லயா போடச் சொல்ற?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். பேர் போட்டுக்கொள்ள விரும்புவது குற்றம் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், ஊர் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்று 2024 ஜனவரியில் ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கில் விலைபோகும் நிலம். வங்கியில் வேலை பார்க்கும் பெண். இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாகக் கொடுத்தார். அந்த மகளின் பேர் அங்கே இருக்கவேண்டாம் என்று யாருக்குச் சொல்ல மனசு வரும்? நான் சொல்வது வேறு. பேர் போடத் தோதான பொருளுக்கே பணம் போகிறது. பேர் போட முடியாத பொருள் அநாதையாகக் கிடக்கிறது.

வகுப்பறை தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகியதை இந்த மாநிலத்தில் யாரும் மறக்க முடியாது. கூரைக் கொட்டகையில் பிள்ளைகளை அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பழைய கட்டடங்களை ஆய்வு செய்து இடித்தார்கள். இடித்தது சரி. ஆனால் இடித்த வேகத்தில் கட்டவில்லை. பல இடங்களில் பிள்ளைகள் மரத்தடிக்கும் சமுதாயக்கூடத்துக்கும் போனார்கள். இருபதுக்கு இருபதில் ஒரு கான்கிரீட் அறை என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வகுப்பறையைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனால், தினமும் பெருக்கினால் போதும், இருபது வருடம் நிற்கும். கழிப்பறை அப்படி இல்லை. தண்ணீரும் விளக்குமாறும் ஒரு வாரம் வராவிட்டால் அது கழிப்பறையாக இருக்காது. ஒரு மாதம் போனால் பூட்டிவிடுவார்கள். ஒரு வருடம் போனால் அதில் உடைந்த பெஞ்சும் சத்துணவு முட்டை அட்டையும் இருக்கும்.

கற்பனை இல்லை. எங்கள் பள்ளியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. வெளிச்சுவரில் கம்பெனி சின்னமும் கை கழுவும் குழந்தையின் படமும் அழகாக வரைந்திருக்கிறார்கள். நான் போனபோது பூட்டியிருந்தது. சாவி கேட்டேன். தலைமையாசிரியை மேசை இழுப்பறையில் தேடினார், கிடைக்கவில்லை. சத்துணவு அமைப்பாளரிடம் இருந்தது.

"ஏன் டீச்சர் பூட்டிவச்சிருக்கீங்க?"

"தண்ணி இல்லைங்க. திறந்துவிட்டா அன்னைக்கே நாறிடும். நாறுனா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. பூட்டியிருந்தா யாரும் வர்றதில்ல."

மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி உட்கார்ந்திருந்தது. அதற்குப் போகும் குழாய் தரையிலிருந்து மூன்றடி ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. பஞ்சாயத்துத் தண்ணீர் அந்த மூன்றடிக்கு மேலே ஏறாது. அதுவும் டேங்க் ஆபரேட்டர் காலை ஆறு மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு அடைத்துவிடுவார். பள்ளி திறப்பது ஒன்பது மணிக்கு. ஆக ஊருக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் பள்ளியில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. தரையில் ஒரு தொட்டி கட்டி, காலையில் அது தானே நிரம்பும்படி செய்து, அரை குதிரைத்திறன் மோட்டாரால் மேலே ஏற்றினால் தீர்ந்தது. கட்டிய நிறுவனத்தின் பொறியாளருக்கு இது தெரியாமல் இருக்காது. அவர் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊருக்கு வந்திருக்கமாட்டார், அவ்வளவுதான்.

இது நாடு முழுவதற்குமான கதை. 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் எல்லாப் பள்ளிகளுக்கும், பெண்பிள்ளைகளுக்குத் தனியாக, ஒரு வருடத்தில் கழிப்பறை என்று அறிவித்தார். அந்த ஆண்டுதான் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டப்பிரிவும் நடைமுறைக்கு வந்திருந்தது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் மட்டும் சுமார் 1.4 லட்சம் கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்குக் கொடுத்தன. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சில கழிப்பறைகள் கட்டப்படவே இல்லை. இருந்தவற்றில் நூற்றுக்கு 72இல் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. நூற்றுக்கு 30 பயன்பாட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அவர்கள் எழுதிய காரணங்களில், பூட்டிவைத்திருந்ததும் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதும் உண்டு. தினமும் ஒரு தடவையாவது கழுவவேண்டும் என்பது விதி. 715 கழிப்பறைகளில் கழுவுவதே இல்லை.

எங்கள் ஊர் முட்டை அட்டைகள் நாடாளுமன்றம் வரை போய்விட்டன என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

கழுவுவது யார்? இந்த இடத்துக்கு வந்ததும் நன்கொடையாளர்கள், அதிகாரிகள், எல்லோருமே பேச்சை மாற்றுகிறார்கள். ஊராட்சி மூலம் ஒரு தூய்மைப் பணியாளர் வருவார். அவருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம், எங்கள் வாட்ஸ்அப் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே சாப்பிடும் செலவுக்குப் பக்கத்தில் நிற்கும். அதுவும் மாதாமாதம் வராது. அவர் வராத நாளில் வாளி யார் கைக்குப் போகும் என்பதும் நமக்குத் தெரியும். 2022இல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார் என்ற புகாரில் ஒரு தலைமையாசிரியை கைதானார். எந்த வகுப்பிலும் இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று யாரும் சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை. துப்புரவுக்குப் பணம் ஒதுக்காமல் கழிப்பறை கட்டிக் கொடுப்பவர், அந்த வாளியை எந்தத் தெருப் பிள்ளையின் கையில் கொடுக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

பழைய ஆட்கள் இதைவிடக் கொஞ்சம் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். காமராஜர் முதல்வராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் மக்களிடம் நன்கொடை திரட்டும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். 1958இல், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் ஆரம்பம். அதில் எனக்குப் பிடித்தது வசூல் இல்லை, வரிசை. இந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் அந்தந்த ஊரிலேயே பட்டியல் எடுத்தார்கள். அதற்கப்புறம்தான் கையேந்தினார்கள். கரும்பலகை கேட்ட ஊருக்குக் கரும்பலகை. இப்போது தலைகீழ்: கொடுப்பவரிடம் என்ன இருக்கிறதோ அது பள்ளிக்கு வந்து சேர்கிறது. எங்கள் பள்ளியில் மூன்று தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் இருக்கின்றன. மூன்றும் ஓடவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களில் சில வருடங்களாகக் கல்விச் சீர் என்று ஒன்று நடக்கிறது. கல்யாணச் சீர் போலவே மேளதாளத்தோடு, தாம்பாளத் தட்டுகள் ஏந்தி, பீரோவும் நாற்காலியும் மின்விசிறியுமாக ஊரே ஊர்வலமாகப் பள்ளிக்குப் போகும். அரசுப் பள்ளி நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி என்ற அந்த நினைப்பு இருக்கிறதே, எனக்கு அதைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். ஆனால் நான் பார்த்த இரண்டு ஊர்வலங்களிலும் பினாயில் வைத்த தட்டு இல்லை. கழுவும் பிரஷ் இல்லை. சானிட்டரி நாப்கின் இல்லவே இல்லை. கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு அம்மா மறைவாகப் பையில் வைத்து அனுப்புகிற சாமான்கள் உண்டே, அவை இந்தச் சீரில் வருவதில்லை.

அரசு செய்யவேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழக அரசும் வகுப்பறைகளுக்கென்று பெரிய திட்டம் போட்டிருக்கிறது. நன்கொடை வாங்க 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று தனி அமைப்பும் 2022 டிசம்பரில் தொடங்கியது. அரசிடம் கேட்பதை நிறுத்தக்கூடாது. கிராமசபையில் எழுந்து கேட்கலாம், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடலாம். ஆனால் தீர்மானம் போய்ச் சேரும் வரை ஏழாம் வகுப்புப் பெண்ணைத் தண்ணீர் குடிக்காமல் இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் நாங்கள் எதையும் புதிதாகக் கட்டவில்லை. அந்தப் பூட்டிய கழிப்பறையையே எடுத்துக்கொண்டோம். கீழே தொட்டி, மோட்டார், குழாய், கதவு, தாழ்ப்பாள். பெண்கள் பக்கம் இருந்தது ஒரே ஒரு பேசின். அறுபது பெண்பிள்ளைகள், பத்து நிமிட இன்டர்வல், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் ஐந்து பேர்தான் போகமுடியும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்பது அரசின் அளவு. எண்ணிக்கையில் அது சரியாக இருக்கலாம். மணியடித்துப் பார்த்தால் போதாது. இன்னும் இரண்டு வைத்தோம். இன்டர்வலைக் கீழ் வகுப்புக்கும் மேல் வகுப்புக்கும் தனித்தனியாகப் பிரிக்கலாமே என்று தலைமையாசிரியையே சொன்னார். காசு செலவில்லாத அந்த யோசனைதான் எங்கள் ஆறு லட்சத்தைவிடப் பெரிய வேலை செய்தது. துப்பட்டா மாட்ட உள்ளே ஒரு கொக்கி வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். ஆண்கள் போட்ட எந்த வரைபடத்திலும் அந்தக் கொக்கி இல்லை.

இதற்கெல்லாம் இரண்டு லட்சம் ஆனது. மீதி நாலு லட்சத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பேரில் வைப்புத்தொகையாகப் போட்டோம். ஏழு சதவீத வட்டி என்றால் வருடம் 28,000. மாதத்துக்கு 2,300 சொச்சம். ஊராட்சி கொடுக்கும் சம்பளத்தோடு சேர்த்து அது தூய்மைப் பணி செய்யும் அக்காவுக்கு. முதல் மாதம் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "குனிஞ்சு தேய்க்க முடியலைங்க. கம்பு நீளமா ஒரு பிரஷ்ஷு வாங்கித் தாங்க" என்றார். இத்தனை வருடத்தில் அந்த 150 ரூபாய்ச் சாமானைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அப்பா பேர் போட விரும்பியவர் கொடுத்ததுதான் வைப்புத்தொகையில் பாதி. அவருடைய அப்பா பேர் வங்கி ரசீதில் இருக்கிறது. கல்வெட்டு இல்லை.

பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவுக்குப் போகாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல், முற்பகல் இன்டர்வல் நேரத்துக்குப் போங்கள். வீட்டிலிருந்து ஒரு பெண்ணையும் கூட்டிப் போங்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அதைத் தேடி எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.