சட்டமும் நாமும்: பொலிஸ் வேறு, இராணுவம் வேறு



வீட்டில் களவு போனாலும், கணவன் அடித்தாலும், பிள்ளையைக் காணவில்லை என்றாலும் நாம் செல்ல வேண்டிய இடம் பொலிஸ் நிலையம். ஆனால் யாழ்ப்பாணத்தில் பல வருடங்களாக எம்மை வீதியில் மறித்ததும், அடையாள அட்டை கேட்டதும், வீடு புகுந்து சோதித்ததும் பெரும்பாலும் இராணுவமே. அதனால் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பலருக்கு மங்கிப்போயிற்று.

இராணுவம் போருக்குப் பயிற்றப்பட்டது. குற்றத்தை விசாரித்து நீதிமன்றில் முற்படுத்துவது பொலிஸாரின் கடமை. அவசரகால விதிகள் கைதுசெய்யும் அதிகாரத்தைப் படையினருக்கும் கொடுத்தன. அதன் விளைவை நாம் கண்டோம். 1996இல் மாணவி கிருஷாந்தி இராணுவச் சோதனைச் சாவடி ஒன்றில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடித் தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் விசாரிக்கச் சென்றதும் அதே சாவடிக்குத்தான். நால்வருமே கொல்லப்பட்டனர். 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. மறித்தவரிடமே முறையிட வேண்டிய நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2011இல் அவசரகாலச் சட்டம் நீங்கியது. எனினும் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொது ஒழுங்கைக் காக்கப் படையினரை அழைக்க ஜனாதிபதிக்கு இடமளிக்கிறது.

இதற்கு மாற்றுவழி சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி, அரசுக்கு எதிரான குற்றம், தேர்தல், நாணயம் போன்றவை தேசியப் பொலிஸ் பிரிவுக்கு உரியவை. அன்றாடக் குற்றங்கள் மாகாணப் பொலிஸ் பிரிவுக்கு உரியவை. அதற்கு ஆட்சேர்க்க மூவர் கொண்ட மாகாண ஆணைக்குழு ஒன்றும் உண்டு. ஆனால் 2013 முதல் 2018 வரை இயங்கிய வட மாகாண சபைக்கு இந்த அதிகாரம் கிடைக்கவேயில்லை.

தமிழ் பேசும் பொலிஸ் வந்தால் மட்டும் போதுமா? 1990களின் முற்பகுதியில் இங்கிருந்த புலிகளின் காவல்துறையும் எமது மொழியில்தான் பேசியது. அதுவும் ஓர் ஆயுத அமைப்புக்கே பொறுப்பாக இருந்தது. எமக்குத் தேவை, எமது மொழி தெரிந்த, நீதிமன்றுக்கும் மக்களுக்கும் பதில் சொல்லும் பொலிஸ்.

அதுவரை இவற்றை மனதில் வைத்திருங்கள்:

• முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் இடாதீர்கள்.

• கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் கொண்டுசெல்ல வேண்டும்.

• பெண்ணின் உடலைப் பெண்ணே சோதனையிட வேண்டும்.

• வீட்டு வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கட்டளை கேட்டு நேரடியாக நீதிவான் நீதிமன்றம் செல்லலாம்.

தனியே போகத் தயக்கமாயின், உங்கள் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.